ஈசினோபில் கூடியிருக்கிறது, அப்புறம்?

(பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட ஈசினோபில் நுரையீரல் நோய்களைக் கண்டறிவது பற்றிப் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடுகிறவரும் அதைத்தான் சொல்வார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறவரும் அதைத்தான் சொல்வார். கையில் ஒரு லேப் சீட்டு இருக்கும். ஈசினோபில் 9 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று நோயாளிக்கு நிம்மதி. சில சமயம் மருத்துவருக்கும் நிம்மதி. காய்ச்சல் என்பது எப்படி ஒரு நோயின் பெயர் ஆகாதோ, அதேபோல ஈசினோபில் கூடியிருப்பதும் ஒரு நோயின் பெயர் ஆகாது. அது ஏன் கூடியது, எங்கே போய்த் தங்கியிருக்கிறது என்று கேட்டால்தான் நோய் பிடிபடும். அந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். வரிசை மாறினால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

முதலில் அந்த அணுவைப் பார்த்துவிடுவோம். 1879-ல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்ளும் ஒரு வகை வெள்ளை அணுவைத் தனியாக அடையாளம் காட்டினார். சாயத்தின் பெயரே அணுவுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கையால் எண்ணுகிற லேபில் நடப்பது இதுதான்: கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெலிதாகத் தேய்த்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் லென்ஸுக்கு அடியில் வைப்பார்கள். டெக்னீஷியன் நூறு வெள்ளை அணுக்களை எண்ணுவார். ஈசினோபில் வந்தால் தவறவே விட முடியாது. உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணிமணியாக நிரம்பியிருக்கும். உட்கரு இரண்டு கூறாகப் பிரிந்து மூக்குக்கண்ணாடி போல இருக்கும். நூறில் எத்தனை வந்ததோ, அதுதான் சீட்டில் நீங்கள் பார்க்கிற சதவீதம்.

சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மொத்த வெள்ளை அணு 5,000, அதில் ஈசினோபில் 8 சதவீதம் என்றால் எண்ணிக்கை 400. அது இயல்பு. மொத்தம் 15,000, அதே 8 சதவீதம் என்றால் 1,200. அது இயல்பே இல்லை. இந்தப் பெருக்கலைப் போட்டுத் தருவதைத்தான் ஏ.இ.சி. டெஸ்ட் என்கிறோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். 500-க்கு மேல் 1,500-க்குள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வாமை மூக்கடைப்பு, ஆஸ்துமா, தோல் அரிப்பு, வயிற்றுப் புழு என்று ஏதாவது ஒரு சாதாரணக் காரணம் இருக்கும். 1,500-ஐத் தாண்டினால் நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம்.

இந்த அணுவின் சொந்த ஊர் ரத்தமல்ல, திசுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் சில மணி நேரம் பயணம் செய்து, திசுக்களுக்குள் போய்விடுகிறது. அதனால் ரத்தத்தில் குறைவாகவும் நுரையீரலில் கொட்டிக் கிடப்பதாகவும் இருக்க முடியும். இன்னொன்று, ஸ்டீராய்டு உள்ளே போனால் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து ஈசினோபில் காணாமல் போகும். மூச்சிரைக்கிறது என்று தெருமுனை மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அது என்ன மாத்திரை என்று தெரியாமலே மூன்றாம் நாள் லேபுக்குப் போனால், சீட்டில் ஈசினோபில் பூஜ்யம் என்று வரலாம். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒரு மருத்துவர் சரியான சந்தேகத்தையே கைவிட்டுவிட நேரும்.

இப்போது ஒரு நோயாளியைக் காட்டுகிறேன். இவர் ஓர் ஆள் அல்லர். பலரைச் சேர்த்துச் செய்த உருவம். நாற்பத்தைந்து வயதுப் பெண். சிகரெட் பிடித்ததே இல்லை. சில வருடங்களாக ஆஸ்துமா. மூன்று, நான்கு மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, ரவிக்கை தொளதொளவென்று ஆகிற அளவுக்கு உடம்பு இளைப்பு. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பாதியில் வெள்ளைப் படலம். இந்த வரலாற்றை நம் நாட்டில் யாரிடம் சொன்னாலும் டி.பி. என்பார்கள். சொல்வது தப்பும் இல்லை. இந்தியாவில் காசநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சளியை எடுத்து, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சிபிநாட் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தப்பு அடுத்த படியில் நடக்கிறது. சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், "எதற்கும் ஆறு மாதம் மாத்திரை போடட்டும்" என்று தொடங்கிவிடுவது. அவர் மாத்திரை போடுகிறார். காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதாவது பழைய ரத்தச் சீட்டை எடுத்துப் பார்த்தால், ஈசினோபில் 30 சதவீதம் என்று முதல் நாளிலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்தது தெரியும். காசநோயில் ஈசினோபில் இந்த அளவுக்கு ஏறுவது வழக்கமில்லை.

இந்தப் பெண்ணுக்கு இருப்பது நாட்பட்ட ஈசினோபில் நிமோனியா. 1969-ல் காரிங்டன் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது நோயாளிகளை வைத்து இதைத் தெளிவாக விவரித்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது, புகைப்பவர்களுக்குக் குறைவு, பாதிப் பேருக்கு மேல் ஆஸ்துமா உண்டு. எக்ஸ்ரேயில் இதற்கு ஒரு முத்திரை இருக்கிறது. இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோர்த்தால் நடுவில் வெளுத்து ஓரங்கள் கறுத்திருக்கும். இதில் நேர் தலைகீழ்: ஓரங்கள் வெளுத்து நடு கறுத்திருக்கும். காரிங்டன் குழு இதைப் புகைப்பட நெகட்டிவோடு ஒப்பிட்டது. படம் இப்படிச் சுத்தமாக அமைவது பாதிக்கும் குறைவான நோயாளிகளுக்குத்தான். அதனால் இது இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சி.டி. ஸ்கேனில் ஓரத்துப் படலம் இன்னும் நன்றாகத் தெரியும்.

காசநோயோடு ஈசினோபில் நோயைக் குழப்பிக்கொள்வது இன்று நேற்றைய கதையல்ல. அந்தக் குழப்பத்தை அவிழ்த்ததில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம் இருந்தது. அங்கே டி.பி. என்று அனுப்பப்பட்ட சிலருக்குச் சளியில் கிருமி இல்லை. ரத்தத்தில் ஈசினோபில் மட்டும் ஏராளம். டென்மார்க்கிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் 1940-ல் இதைக் காசநோய் போலத் தோன்றும் வேறொரு நிலை என்று எழுதினார்கள். 1943-ல் வெய்ங்கார்ட்டன் லான்செட் இதழில் இதற்கு ட்ராப்பிக்கல் ஈசினோபீலியா என்று பெயர் வைத்தார். அவர் கொடுத்த சிகிச்சை ஆர்சனிக் ஊசி! கேட்டது, ஏன் கேட்டது என்று யாருக்கும் விளங்கவில்லை. 1960-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் இந்த நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுத் திசுக்களில் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் காட்டினார்கள். விடை கிடைத்தது. கொசு வழியாக வந்த புழுவுக்கு எதிராக உடம்பு அளவுக்கு மீறிக் கொந்தளிக்கிறது. ரத்தத்தில் தேடினால் புழுக்குஞ்சு கிடைக்காது. அந்தக் கொந்தளிப்பே அவற்றை நுரையீரலில் மடக்கி அழித்துவிடுகிறது.

இந்த நோய்க்காரருக்கு யானைக்கால் இருக்காது. ராத்திரி இருமலும் வீசிங்கும்தான் முறையீடு. ஈசினோபில் பெரும்பாலும் 3,000-க்கு மேல்; ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் 1,000 யூனிட்டுக்கு மேல். ஃபைலேரியாவுக்கு, அதாவது யானைக்கால் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிக அதிகம். எக்ஸ்ரேயில் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பொடிப்பொடியான புள்ளிகள். மிலியரி டி.பி. என்று நினைக்க வைப்பவை அந்தப் புள்ளிகள்தாம். டைஎத்தில்கார்பமசின், அதாவது ஊரில் யானைக்கால் மாத்திரை என்று கொடுத்தார்களே, அதையே மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனாலும் முழுதாக அடங்கிவிட்டது என்று எண்ணிவிட முடியாது. சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வி.கே.விஜயனும் மற்றவர்களும் நுரையீரலைக் கழுவிப் பார்த்துச் செய்த ஆய்வுகளில், மாத்திரை முடிந்த பிறகும் சிலருக்கு உள்ளே அழற்சி மிச்சமிருப்பது தெரிந்தது. அப்படியே விட்டால் தழும்பாகும்.

இதில் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஃபைலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வருடா வருடம் கொடுத்த மாத்திரை வீண் போகவில்லை. இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் முன்பு போல இல்லை. ஈசினோபில் கூடியிருந்தாலே மூன்று வாரம் யானைக்கால் மாத்திரை எழுதுகிற பழைய கைப்பழக்கத்துக்கு இன்று அவ்வளவு நியாயமில்லை. எதிர்ப்பொருள் சோதனை செய்யாமல் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மற்ற காரணங்களுக்கு வருவோம். ஆஸ்துமாக்காரருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரல் குழாயில் குடியேறி ஒவ்வாமையைக் கிளப்பலாம். இந்தப் பூஞ்சை மட்கிய வைக்கோலிலும் எருக்குழியிலும் ஈரம் பாய்ந்த சுவரிலும் இருக்கும். இருமும்போது பழுப்பாகக் கட்டிகட்டியாகச் சளி விழுகிறதா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் "ஆமா, வெத்தலை எச்சில் கட்டி மாதிரி" என்பார்கள். ஆஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐ.ஜி.இ.யும் மொத்த ஐ.ஜி.இ.யும் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். சி.டி.யில் குழாய்கள் நடுப்பகுதியில் அகன்றிருக்கும். இவர்களிலும் பலர் எங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு முறை டி.பி. மாத்திரை முடித்தவர்கள்.

நான் மிகவும் பயப்படுவது அடுத்த நோய்க்கு. 1951-ல் நியூயார்க்கில் ஜேக்கப் சர்க், லோட்டே ஸ்ட்ராஸ் என்ற இரு நோய்க்கூறு நிபுணர்கள் விவரித்தது. சர்க்-ஸ்ட்ராஸ் நோய் என்றே வெகுகாலம் அழைத்தோம், இப்போது ஈ.ஜி.பி.ஏ. என்கிறார்கள். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஆஸ்துமா வரும். மூக்கில் சதை வளரும், சைனஸ் அடைக்கும். சில வருடம் இப்படியே ஓடும். பிறகு ஈசினோபில் எகிறி, சிறு ரத்தக் குழாய்கள் வெந்துபோகும். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்தால் அந்த நரம்பு செத்துவிடும். நோயாளி மார்புப் பிரிவில் உட்கார்ந்து, "மூச்சு பரவாயில்லை டாக்டர், ஆனா நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் கழண்டு போகுது, போனதே தெரியலை" என்பார். அதைச் செருப்புக் கடைக்காரரின் கவலை என்று தள்ளிவிடக் கூடாது. காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தால் பாதம் தொங்கும். சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும்கூடக் காலில் உணர்ச்சி மங்கும் என்பது வேறு. ஆஸ்துமா, ஈசினோபில் உயர்வு, தொங்கும் பாதம் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால் தாமதிக்க நேரமில்லை. இதில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயப் பாதிப்பு. அதனால் இதய எக்கோ ஸ்கேனும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் அன்றே பார்க்க வேண்டும். ஆன்கா என்ற ரத்தச் சோதனை பத்துப் பேரில் மூன்று, நான்கு பேருக்குத்தான் பாசிட்டிவ் ஆகும். நெகட்டிவ் என்று வந்ததால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

எலும்பு மஜ்ஜையிலேயே கோளாறு இருந்து 1,500-க்கு மேல் விடாமல் நிற்கிற ரத்த நோய்களும் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு மரபணுக் காரணம் 2003-ல் தெரிந்தது. அந்த வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை அற்புதமாகக் கேட்கும். அதை ரத்தவியல் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் அதிகம் இழுக்கப்போவதில்லை.

மருந்துகளை மட்டும் விடமாட்டேன். நீர்க்கடுப்புக்கு மாதக்கணக்கில் போடுகிற நைட்ரோஃபுரான்டாயின், வலி மாத்திரைகள், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசின், சில ஆன்டிபயாட்டிக்குகள் என்று பட்டியல் நீளம். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்து நாட்பட்ட ஈசினோபில் நிமோனியா வருவதும் தெரிந்த செய்தி. எங்கள் முன்னால் வரும்போது எல்லா மருந்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சூரணம், லேகியம், ஆன்லைனில் வாங்கிய சத்துப் பொடி, எல்லாம். சில சமயம் அந்தப் பையைக் கவிழ்த்துக் கொட்டியதும் நோய் மேசை மேலேயே கிடக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீராதபோது நுரையீரலைக் கழுவிப் பார்ப்போம். பிராங்கோஸ்கோபி என்றதும் பயப்படுகிறார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக விட்டு, நுரையீரலின் ஒரு கிளைக் குழாயில் போய்ப் பொருத்துவோம். நூறு, நூற்றைம்பது மில்லி சலைனைச் சிறிது சிறிதாக விட்டு உறிஞ்சி எடுப்போம். அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆரோக்கியமானவரின் கழுவுநீரில் ஈசினோபில் ஒரு சதவீதம்கூட இருக்காது. 25 சதவீதத்தைத் தாண்டினால் நுரையீரலுக்குள்தான் ரகளை என்று உறுதி. நாட்பட்ட நிமோனியாவில் 40-க்கு மேல் இருப்பதே வழக்கம். ரத்தம் பொய் சொல்கிற இடத்தில் இந்த நீர் உண்மை சொல்லும். புதிதாக சிகரெட் பிடிக்க ஆரம்பித்த இளைஞனுக்குச் சில நாட்களிலேயே மூச்சு முட்டுகிற தீவிர வகை ஈசினோபில் நிமோனியா ஒன்று உண்டு. அதில் தொடக்கத்தில் ரத்தத்தில் ஈசினோபில் இயல்பாகவே இருக்கும், கழுவுநீரில்தான் பிடிபடும். அறுவை செய்து நுரையீரல் துண்டு எடுக்க வேண்டிய தேவை இந்த நோய்களில் அபூர்வம்.

இனி வரிசை என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நாட்பட்ட ஈசினோபில் நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நடப்பது கண்கட்டு வித்தை. இரண்டு நாளில் காய்ச்சல் போய்விடும், இருமல் அடங்கும். எக்ஸ்ரே ஓரிரு வாரத்தில் தெளியும். அதனாலேயே பலர், "போட்டுப் பார்ப்போம், கேட்டால் அதுதான் நோய்" என்று கணக்குப் போடுகிறார்கள். இது ஆபத்தான கணக்கு. நம் ஊரில் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களின் தோல் வழியாக ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல் போன்ற புழு ஏறும். குடலில் தங்கி, உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். வயலை விட்டு நகரத்துக்கு வந்து இருபது வருடம் ஆனவரிடமும் அது இருக்கலாம். அவருக்கு ஈசினோபில் கூடியிருப்பதற்கு அந்தப் புழுவே காரணமாக இருந்து, நாம் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், புழு கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், மூளை என்று பரவும். கூடவே குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். பிழைப்பது அரிது. ஒரு முறை மலம் பார்த்து இல்லை என்றால் போதாது. பல முறை பார்க்க வேண்டும், முடிந்தால் எதிர்ப்பொருள் சோதனையும். அதற்கெல்லாம் நேரமில்லாத அவசரத்தில், சந்தேகம் இருந்தாலே ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்டீராய்டைத் தொடுவது நல்லது. விலை மலிவான மாத்திரை.

அதேபோல ஸ்டீராய்டுக்குக் கேட்டது என்பதே நிரூபணம் ஆகாது. காசநோய்க்காரருக்கும் முதல் வாரத்தில் தேவலை போலத் தெரியும். நிணநீர்ப் புற்றுநோயும் கொஞ்சம் சுருங்கிக் காட்டும். அதனால் ரத்தம், சளி, மலம், ஐ.ஜி.இ., சி.டி., தேவையானால் கழுவுநீர், எல்லாம் எடுத்த பிறகே முதல் மாத்திரை. ஒரு நாள் பொறுக்க முடியாத அளவுக்கு மூச்சு மோசமாக இருப்பவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும்.

சிகிச்சை தொடங்கியாயிற்று என்றால் கதை முடியவில்லை. ஸ்டீராய்டைக் குறைக்கும்போதோ நிறுத்திய பிறகோ பாதிப் பேருக்காவது நோய் திரும்பும். திரும்பினால் பதற வேண்டாம், மறுபடியும் கேட்கும். ஆனால் நன்றாயிருக்கிறதே என்று தானாக நிறுத்தாதீர்கள். பழைய சீட்டை நீட்டித் தானாகத் தொடங்கவும் செய்யாதீர்கள். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இப்போது ஈசினோபிலை வளர்க்கும் சமிக்ஞையையே தடுக்கிற மெபோலிசுமாப் போன்ற ஊசிகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஈ.ஜி.பி.ஏ.வுக்கு 2017-ல் அது அனுமதி பெற்றது. விலைதான் இன்னும் நம் கைக்கு எட்டவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாட்பட்ட ஈசினோபில் நிமோனியா திரும்பி வரும்போது பல சமயம் முன்பு இருந்த அதே இடத்தில் வரும். புழுவால் வருகிற தற்காலிகப் படலமோ வாரத்துக்கு வாரம் இடம் மாறும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பழைய படம் வேண்டும். பீரோவுக்குப் பின்னால் சுருட்டிச் சொருகிய எக்ஸ்ரேக்களையும், மடிந்து மஞ்சளாகிப்போன லேப் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். தேதி வரிசைப்படி ஓர் உறையில் போட்டு, அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.